தரையில் இரத்தம் சிந்தினால் குளோரின் தண்ணீர் ஊற்றித் துடைத்தால் காணுமா?

யாழ்ப்பாணத்தில் சின்ன டிஸ்பென்சரி நடத்துவதாகவும், தரையில் இரத்தம் சிந்தினால் அதன் மேல் குளோரின் தண்ணீர் ஊற்றித் துடைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். காணாது. இரத்தத்திலுள்ள புரதமே குளோரினைத் தின்று தீர்த்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இராது.

முதலில் தடித்த றப்பர் கையுறை போட்டு, பழைய துணியால் இரத்தத்தை ஒற்றி எடுத்து, தொற்றுக் கழிவு போடும் மஞ்சள் பைக்குள் போடுங்கள். உடைந்த கண்ணாடி கிடந்தால் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அந்த இடத்தைச் சவர்க்காரத் தண்ணீரால் வடிவாகக் கழுவிய பிறகே குளோரின்.

கிணற்றுக்குப் போடும் அதே பிளீச்சிங் பவுடர் சரி. இரத்தம் பட்ட இடத்துக்கு 0.5 வீதக் கரைசல் வேண்டும். பையில் குளோரின் 35 வீதம் என்றிருந்தால் 10 லீற்றர் தண்ணீருக்கு 143 கிராம், 70 வீதம் என்றால் 72 கிராம். கண்மட்டத்துக்கு அள்ளிப் போடாதீர்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்துக் கலக்கி, அடியில் வெள்ளை மண்டி படிந்தபின் மேலே தெளிந்ததை எடுங்கள்.

தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். பெரும்பாலும் பிழைப்பது இங்கேதான். சித்திரை வெக்கையில் மேலே ஃபானும் சுற்றினால் சில நிமிடத்திலேயே காய்ந்துவிடும். ஃபானை நிறுத்தி, காயக் காய நனையுங்கள். கடைசியில் நல்ல தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் கட்டில் கால் துருப்பிடிக்கும்.

நேற்றுக் கரைத்தது இன்றைக்கு உதவாது. வாய் கட்டாமல் கிடந்து கட்டிபட்டு, மணம் குறைந்த தூளையும் நம்ப வேண்டாம்.

சிறுநீரின் மேல் இதை நேரே ஊற்றவோ, ஹார்பிக்கோடு கலக்கவோ வேண்டவே வேண்டாம். கிளம்பும் வாயு நுரையீரலைத் தாக்கும்.

1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் தன் மருத்துவ மாணவர்களைக் கை கழுவ வைத்ததும் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில்தான். உங்கள் கைக்கு இப்போது அது தேவையில்லை, தோல் வெடிக்கும். கையுறையைக் கழற்றியதும் சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 விநாடி தேய்த்துக் கழுவுங்கள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரில் நுரை குறைவாகத்தான் வரும்; அதற்காகத் தேய்ப்பதைக் குறைக்காதீர்கள்.

மொப்பை அழுக்குத் தண்ணீர் வாளிக்குள்ளேயே விட்டுப் போனால் இரவோடிரவாக அதில் கிருமி பெருகும். மறுநாள் அதையே அறை முழுக்கப் பூசுவீர்கள். கழுவிப் பிழிந்து, தலைகீழாக வெயிலில் நிறுத்திக் காய விடுங்கள்.