.32 ரிவால்வருக்கு எந்தத் தோட்டா?

கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பாவின் .32 ரிவால்வர் முறைப்படி என் லைசென்ஸுக்கு மாறிவிட்டது. வசூல் பணத்தோடு இரவில் வரும்போது இடுப்பில் வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டு ஹாலோ பாயிண்ட் (முனையில் குழி வைத்து, பட்டதும் விரியும்படி செய்த) தோட்டாதான் நல்லது, வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். அப்பா வைத்துவிட்டுப் போன 18 தோட்டாக்களும் இருக்கின்றன. எதைப் போடுவது?"

ஐயா, முதலில் அந்த ஆளின் சகவாசத்தை விடுங்கள். உங்கள் லைசென்ஸுக்கு வெளிநாட்டுத் தோட்டா வரவழைக்க வழியில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு, இவர்கள் பிடித்துத் தொங்குவதும் அதைத்தான். தகுதி பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் பயிற்சிக்கும் போட்டிக்கும் இறக்குமதி செய்துகொள்ளலாம். "ஷூட்டர் கோட்டாவில் மிச்சம் வந்தது சார்" என்று சொல்லித்தான் உங்களிடம் நீட்டுவார்கள். அந்தச் சலுகை அந்த வீரருக்கு, அவருடைய விளையாட்டுக்கு. அவர் தம்பிக்கு இல்லை, நண்பருக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. பில் இல்லாமல், லைசென்ஸில் ஏறாமல் ஒரே ஒரு தோட்டா பிடிபட்டாலும் 1959 ஆயுதச் சட்டப்படி வழக்கு உங்கள் மேல்தான். விற்றவர் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார். அதோடு, உங்கள் ரிவால்வரின் தோட்டா மெதுவாகப் போவது. அந்த வேகத்தில் ஹாலோ பாயிண்ட் விரியும் என்பதே நிச்சயமில்லை.

அப்புறம், '.32' என்ற எண்ணை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அந்தப் பெயரில் நம் ஊரில் பெரும்பாலும் புழங்குபவை இரண்டு. ரிவால்வருக்கு எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்) லாங், அதாவது 7.65 × 23 மி.மீ. பிஸ்டலுக்கு ஏசிபி, 7.65 × 17 மி.மீ. குட்டையான ஏசிபி பல ரிவால்வர்களின் சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டதே என்று சுட்டுவிடக் கூடாது. அதன் அழுத்தம் அதிகம், அப்பா காலத்து ரிவால்வரை அதற்கு நம்ப முடியாது. குழலில் பொறித்திருப்பதைப் படித்து, தோட்டாவின் அடிப்பாகத்தோடு ஒப்பிடுங்கள். புனே கட்கி ஆலையின் லாங் தோட்டா, புதிது, பில்லுடன்: உங்களுக்கு அது போதும்.

பழைய 18? அவற்றைச் சுட வேண்டாம். நான் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவராக இருந்தபோது ஒருவர் தோல் பெல்ட்டோடு தோட்டாக்களைக் கொண்டுவந்தார். வளையத்திலிருந்து உருவவே முடியவில்லை, பித்தளையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது. இன்னொருவர் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். எண்ணெய் பிரைமருக்குள், அதாவது அடிப்பாகத்தில் பொறி கிளப்பும் சிறு மூடிக்குள் இறங்கி ஒன்றுமே வெடிக்கவில்லை. வெடிக்காததைவிட மோசம் அரைகுறையாக வெடிப்பது. 'டப்' என்று சன்னமாகச் சத்தம் வந்தால் அத்தோடு நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்துவிடலாம்.

புதுத் தோட்டாவிலும் சிலவற்றை ரைஃபிள் கிளப்பில் சுட்டுப் பார்த்த பிறகே இடுப்பில் வையுங்கள். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒரு தடவைக்கு இத்தனை, வருஷத்துக்கு இத்தனை என்று லைசென்ஸில் எழுதிவிடுகிறார்கள். பழகுவதற்கு இன்னும் கொஞ்சம் கேட்டால் மனு மேசை மேசையாக அலைகிறது. கடைக்குப் போனால் ஸ்டாக் இல்லை. ஒழுங்காக மனு போட்டவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார், கமிஷன்காரர் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறார். அவருக்குச் சோறு போடுவதே இந்தத் தாமதம்தான்.

சரி, இன்றே ஒரு வேலை செய்யுங்கள். ரிவால்வர் மாறியபோது அந்த 18 தோட்டாக்களும் உங்கள் லைசென்ஸ் கணக்கில் ஏறினவா என்று பாருங்கள். ஏறியிருந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். ஏறவில்லை என்றால், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், ஆற்றிலும் போடாதீர்கள். லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.