டோர் உலாவியில் விளம்பரத் தடுப்பான் வேண்டுமா?

கேள்வி: அந்தரங்கத்தைக் காக்கும் நோக்கில் டோர் உலாவியைப் பயன்படுத்தி வருகிறேன். சில தளங்களில் விளம்பரங்கள் பக்கத்தையே மறைத்துவிடுவதால், ஃபயர்பாக்ஸில் வைத்திருக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியை (உலாவியோடு சேர்க்கும் சிறு மென்பொருள்) இதிலும் நிறுவ நினைக்கிறேன். கூடாது என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். விளம்பரத்தைத் தடுப்பது அந்தரங்கத்துக்கு நல்லதுதானே?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதே சரி; நிறுவ வேண்டாம். யூபிளாக் ஆரிஜின் மீது எனக்கு எந்தக் குறையும் கிடையாது. ரேமண்ட் ஹில் 2014இல் வெளியிட்ட அந்தத் திறமூல நீட்சியைத்தான் ஃபயர்பாக்ஸ் வைத்திருப்போருக்கு இன்றும் பரிந்துரைக்கிறேன். ஆனால், டோர் உலாவி உங்களைக் காக்கும் முறையே வேறு.

டோர் உலாவி உங்கள் இணைப்பைப் பல கணினிகள் வழியே சுற்றி அனுப்புவதால் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) மறைந்துவிட்டாலும், திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், நிறுவியுள்ள நீட்சிகளின் விளைவு போன்ற சிறு தகவல்களைக் கோத்து ஓர் உலாவியைப் பிறவற்றிலிருந்து பிரித்தறிய முடியும். இதை உலாவிக் கைரேகை என்கிறார்கள். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளில் 83.6 விழுக்காடு இவ்வாறு தனித்துத் தெரிந்தன. டோர் உலாவி இதற்குக் கண்ட வழி, தன் பயனர்கள் அனைவரையும் இயன்றவரை ஒரே தோற்றத்தில் காட்டுவதாகும். சாளரத்தின் உட்பரப்பைக்கூட ஓரங்களில் வெற்றிடம் விட்டு வரையறுத்த அளவுகளுக்குள் நிறுத்திவிடுகிறது. பள்ளிச் சீருடையில் நிற்கும் கூட்டத்தில் ஒருவர் மட்டும் வேறு நிறச் சட்டை அணிந்ததைப் போன்றது, நீங்கள் சேர்க்கும் நீட்சி.

தடுப்பான் இருப்பதைத் தளங்கள் எளிதில் கண்டுபிடித்துவிடும். எந்தத் தடுப்பானும் விட்டுவைக்காத பெயரில் ஒரு கோப்பைப் பக்கத்தில் வைத்து, அது இறங்குகிறதா என்று பார்த்தாலே போதும். மேலும், எவற்றைத் தடுப்பது என்று தடுப்பானுக்குச் சொல்லும் வடிகட்டிப் பட்டியல்கள் பல மொழிகளுக்குத் தனித்தனியே உண்டு என்பதால், எந்தப் பட்டியலைச் சேர்த்திருக்கிறீர்கள் என்பதை ஆராய்ந்து நீங்கள் படிக்கும் மொழியையும் ஊகிக்க முடியும். அடையாளத்தை மறைக்க வந்தவருக்கு இது பெரிய இழப்பு.

அதற்கு ஈடாகக் கிடைக்கும் நன்மையும் குறைவு. டோர் உலாவி ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் (உங்களை நினைவில் வைக்கத் தளங்கள் உலாவியில் சேமிக்கும் சிறு தரவுகள்) தனித்தனியே அடைத்துவைக்கிறது. வெவ்வேறு தளங்களுக்கு வெவ்வேறு இணைப்புப் பாதைகளில் செல்கிறது. எனவே இரண்டு தளங்களில் தோன்றும் ஒரே விளம்பர நிறுவனம், இரண்டிலும் வந்தவர் ஒருவரே என்று இணைத்துப் பார்ப்பது முன்பே கடினமாக்கப்பட்டிருக்கிறது.

விளம்பரத் தொல்லை தாங்கவில்லையென்றால், உலாவியிலேயே உள்ள பாதுகாப்பு நிலையை மிக உயர்ந்த மூன்றாம் நிலைக்கு மாற்றி, உலாவியை மூடித் திறவுங்கள். அந்நிலையில் எல்லாத் தளங்களிலும் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் இயங்கும் நிரல்) நின்றுவிடுவதால் பெரும்பாலான விளம்பரங்கள் வரமாட்டா. சில தளங்கள் இயங்காமலும் போகும் என்பது உண்மைதான். டோரின் வலையமைப்பு தேவையில்லை, கைரேகைப் பாதுகாப்பும் விளம்பரத் தடுப்பும் சேர்ந்தே வேண்டும் என்போருக்கு, டோர் திட்டத்தார் உருவாக்கி 2023இல் வெளிவந்த முல்வாட் உலாவி இருக்கிறது. அதில் யூபிளாக் ஆரிஜின் எல்லோருக்கும் உடன் வருவதால், அதை வைத்திருப்பது யாரையும் தனித்துக் காட்டாது. ஆனால் அவ்வுலாவி தானாக ஐபி முகவரியை மறைக்காது. அதற்கு, உங்கள் இணைப்பைத் தன் கணினி வழியே அனுப்பும் நம்பகமான விபிஎன் சேவை வேண்டும்.

கேள்வி: அன்றாட உலாவியில் தடுப்பானை நிறுவும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நிறுவும்போது அது கேட்கும் அனுமதியைக் கவனியுங்கள். நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களின் தரவையும் படிக்கவும் மாற்றவும் பெரும்பாலான தடுப்பான்கள் அனுமதி பெறுகின்றன. வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் அதில் அடக்கம். ஆகவே, எவ்வளவு விளம்பரங்களை நிறுத்துகிறது என்பதைவிட, அதை யார் பராமரிக்கிறார்கள் என்பதே முதற்கேள்வி. 2020இல் நானோ ஆட்பிளாக்கர் என்ற நீட்சி கைமாறியதும், புதிய உரிமையாளர்கள் அடுத்த பதிப்பிலேயே பயனர்களின் தகவல்களை வெளியே அனுப்பும் நிரலைப் புகுத்தினார்கள். நேற்றுவரை நல்லதாக இருந்த நீட்சி, தானியங்கிப் புதுப்பிப்பு வழியாகவே கெட்டுப்போனது என்பதை நினைவில் வையுங்கள்.

ஒத்த பெயரில் வேறு நீட்சிகளும் உலவுகின்றன; யூபிளாக் என்பதும் யூபிளாக் ஆரிஜின் என்பதும் வேறு வேறு. தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தாமல், உலாவியின் அதிகாரபூர்வ நீட்சிப் பக்கத்திலிருந்தே நிறுவுங்கள். ஒன்று போதும், இரண்டு மூன்றைச் சேர்த்தால் அவை ஒன்றோடொன்று மோதும், நம்ப வேண்டியவர்களின் எண்ணிக்கையும் கூடும்.

கேள்வி: தடுப்பானை அணைத்தால்தான் படிக்கலாம் என்று ஒரு தளம் கேட்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்தத் தளத்தை நீங்கள் மதித்தால், அதற்கு மட்டும் தடுப்பானை நிறுத்திவையுங்கள், விளம்பர வருவாயில் நடக்கும் நல்ல தளங்கள் பல உண்டு. ஆனால், படிப்பதற்கென்று வேறொரு நீட்சியையோ மென்பொருளையோ இறக்கச் சொன்னால், உடனே அப்பக்கத்தை மூடிவிடுங்கள்.