கேளுங்க, சொல்றேன்: பூத்துக்குள்ள பாடினா ஏன் டப்பாக்குள்ள பாடற மாதிரி கேக்குது?

கேள்வி: பெட்ரூம் மூலையில பிளைவுட்ல நாலுக்கு நாலு அடி, எட்டடி உயரத்துல பாடறதுக்குன்னு ஒரு பூத் அடிச்சேன். உள்ள ஒரு இடம் விடாம ஒரு இன்ச் ஃபோம் ஒட்டியாச்சு. ஆனா ரெக்கார்ட் பண்ணி கேட்டா தகர டப்பாக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மைக்கை மாத்துன்னு சொல்றாங்க. மாத்தணுமா சார்?
(மதுரை வாசகர்)

மைக்கை தொடாதீங்க தம்பி, அது பாவம் கேட்டதைத்தான் சொல்லுது. நாலடி இடைவெளியில எதிரும் புதிருமா ரெண்டு சுவர் இருந்தா சுமார் 140 ஹெர்ட்ஸ்ல சத்தம் அங்கயும் இங்கயும் முட்டி தங்கிடும், நீங்க நீளமும் அகலமும் ஒரே நாலடி வச்சதால அதே 140 ரெண்டு தடவை, போதாக்குறைக்கு உயரம் எட்டடி, அதாவது சரியா ரெண்டு மடங்கு, அதுக்கு 70ம் வரும் அதோட டபுள் 140ம் வரும், ஆக மூணு பக்கமும் ஒரே இடத்துல போய் குமிஞ்சுடுச்சு. ஆம்பளைங்க பேசற குரலோட அடிப்படை அதிர்வே சுமார் 85ல இருந்து 180 வரைக்கும்தான். பேசும்போது பாதி நேரம், கீழ் ஸ்தாயியில பாடும்போது இன்னும் ஜாஸ்தி, குரல் அந்த 140 பக்கத்துலதான் நடமாடும், அங்க வரும்போதெல்லாம் பூத்தும் கூட சேர்ந்து பாடுது.

சரி ஃபோம் என்ன பண்ணுச்சுன்னு கேப்பீங்க. ஒரு இன்ச் ஃபோம் சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற ச, ஷ மாதிரி சத்தத்தைத்தான் நல்லா முழுங்கும், 140 எல்லாம் அதை கண்டுக்காம தாண்டிப் போயிடும். மேல இருக்கற பளபளப்பு போச்சு, கீழ இருக்கற கும்மு அப்படியே நிக்குது, அதுதான் உங்க தகர டப்பா. ஃபோம் ஒட்டறதுக்கு முன்னாடி வெறும் பிளைவுட்லயே கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்னு சொன்னா அடிக்க வருவீங்க.

என்ன பண்ணலாம்? முதல்ல உங்க முதுகுப் பக்கம் இருக்கற பிளைவுட்டை கழட்டிடுங்க, நிஜமாத்தான் சொல்றேன். 1895ல ஹார்வர்டுல வாலஸ் சபைன்கிற ஒரு பிசிக்ஸ் வாத்தியார்கிட்ட, ஒரு லெக்சர் ஹால்ல பேச்சு எதிரொலிச்சு ஒண்ணும் புரியலன்னு சரி பண்ண சொன்னாங்க, மனுஷன் ராத்திரி ராத்திரியா பக்கத்து தியேட்டர்ல இருந்து சீட் குஷனை எல்லாம் தூக்கிட்டு வந்து போட்டு போட்டு அளந்து பார்த்தார். கடைசியில சத்தத்தை உறிஞ்சறதுக்கு அவர் வச்ச அளவுகோல் என்ன தெரியுமா, திறந்த ஜன்னல். போன சத்தம் திரும்பி வராது இல்ல? உங்களுக்கு பெட்ரூம்தான் அந்த ஜன்னல், அதுல மெத்தை, தலகாணி, துணி எல்லாம் ஏற்கனவே இருக்குமே.

மிச்சம் இருக்கற மூணு பக்கத்துக்கும் தலைக்கு மேலயும் ஃபோமை உரிச்சுட்டு ராக்வூல் போடுங்க, கல்லை உருக்கி பஞ்சு மாதிரி ஆக்கின பலகை அது. ஏசி டக்ட், பாய்லர் இன்சுலேஷன் பண்றவங்ககிட்ட '50 எம்எம் ஸ்லாப், 48 டென்சிட்டி'ன்னு கேட்டா புரியும். ரெண்டு ஸ்லாப் அடுக்கினா நாலு இன்ச், மரச்சட்டம் அடிச்சு மேல காடா துணி இழுத்து கட்டுங்க. துணியில வாய் வச்சு ஊதிப் பாருங்க, மூச்சு அந்தப் பக்கம் போனா சத்தமும் போகும், ரெக்ஸின் மட்டும் வேண்டாம். இடம் இருந்தா சுவருக்கும் பேனலுக்கும் நடுவுல ரெண்டு இன்ச் காலியா விடுங்க, காசு செலவில்லாம கீழ் சத்தம் இன்னும் கொஞ்சம் அடங்கும். 140 அதோட மொத்தமா ஒழிஞ்சுடும்னு சொல்லமாட்டேன், ஆனா ஆட்டம் குறையும். வெட்டும்போது முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க் போட்டுக்கோங்க, நான் ஒரு தடவை பனியனோட வெட்டிட்டு ரெண்டு நாள் சொறிஞ்சேன்.

கேள்வி: வீட்டுல உக்காந்து கதை படிச்சு ஆடியோவா பதிவு பண்றேன். ரோட்டு சத்தம், பக்கத்து வீட்டு மிக்ஸி, குக்கர் விசில் எல்லாம் விழுது. சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டினா நிக்கும்னு தெரிஞ்சவர் சொல்றார், ஒட்டலாமா?
(கோவை வாசகி)

ஒட்டாதீங்கம்மா. வெளி சத்தத்தை நிறுத்த எடை வேணும், காத்து கூட போகாத அடைப்பு வேணும், முட்டை அட்டையில ரெண்டும் கிடையாது, தீப்பிடிச்சா மட்டும் சூப்பரா எரியும். உள்ள எதிரொலிய குறைக்கறது ஒரு வேலை, வெளி சத்தத்தை தடுக்கறது முழுசா வேற வேலை, இதை குழப்பிக்கிட்டுத்தான் நிறைய பேர் காசை விடறாங்க. கதவுக்கு அடியில ஒரு விரல் சந்து இருந்தா எவ்வளவு செலவு பண்ணாலும் சத்தம் அது வழியா வந்துடும், அதனால முதல்ல ரப்பர் பீடிங் வாங்கி சந்தை அடைங்க.

அப்புறம் மைக்கை கிட்ட வைங்க. ஒரு அடி தள்ளி வச்சிருந்தா அரை அடிக்கு கொண்டு வாங்க, உங்க குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், மிக்ஸி அங்கயே நிக்கும். கிட்ட வந்தா குரல் கொஞ்சம் கனமாகும், ப மாதிரி எழுத்தெல்லாம் புஸ்ஸுனு அடிக்கும், பாப் ஃபில்டர் (வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல நிக்கற வலை) போட்டு மைக்கை லேசா ஒதுக்கி வச்சா சரியாயிடும். கார்டியாய்ட் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம், அந்த முதுகை ரோட்டு ஜன்னல் பக்கம் திருப்புங்க. அப்போ நீங்க ஜன்னலைப் பார்த்து உக்காருவீங்க, மைக் உங்களையும் உங்களுக்குப் பின்னாடி இருக்கற சுவரையும் கேக்கும், அந்த சுவர்ல பழைய இலவம்பஞ்சு மெத்தை ஒண்ணை சாத்தி வைங்க. அம்மா வீட்டு பரண்ல கண்டிப்பா ஒண்ணு இருக்கும்.

கேள்வி: மைக்குக்குப் பின்னாடி அரைவட்டமா மாட்டற ரிஃப்ளெக்ஷன் ஃபில்டர் வாங்கினா போதுமா?
(திருச்சி வாசகர்)

போதாது. மேல சொன்ன அதே காரணம்தான், மைக் சரியா கேக்காத பக்கத்துல கொண்டு போய் வைக்கறோம். அந்தக் காசுல ரெண்டு ராக்வூல் பேனல் அடிச்சு முதுகுக்குப் பின்னாடி நிறுத்தலாம்.

கேள்வி: ஃபேனை நிறுத்தினா அஞ்சு நிமிஷத்துல வேர்த்து ஊத்துது. என்ன வழி?
(வேலூர் வாசகர்)

வேலூர்னு போட்டதுமே புரிஞ்சுது. ஏசி இருந்தா பத்து நிமிஷம் முன்னாடியே ஓட்டி ரூமை குளிர வச்சுட்டு அணைச்சுட்டு பாடுங்க. ஏசி இல்லன்னா விடியக்காலை நாலரைக்கு எழுந்திரிங்க, ரோடும் அமைதியா இருக்கும், ஆனா எழுந்ததும் தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடிச்சு அரை மணி நேரம் விட்டுட்டு ரெக்கார்ட் பட்டனை அமுக்குங்க.