மூடாத கண்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு நாலு வயது. நித்திரை கொள்ளும்போது கண் முழுதாக மூடாது, வெள்ளை ஒரு கீற்றாகத் தெரியும். மாமி நாவூறு கழித்து நூலும் கட்டிவிட்டார். வாத்துகள் பாதி மூளை விழித்தபடி தூங்கும் என்று வாசித்தேன். மனிதருக்கும் அப்படி முடியுமா? இவன் நித்திரையிலும் எங்களைக் காவல் காக்கிறான் என்று நினைத்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஒரு தாய், கரவெட்டி

அன்புத் தங்கச்சி,

பிள்ளையைப் பற்றிப் பயப்படாதீர்கள். சின்னப் பிள்ளைகளிடம் இது காணக்கூடியதுதான், சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். நித்திரையில் கருவிழி மேலே உருண்டு இமைக்குள் ஒதுங்கிவிடும், அதனால்தான் வெள்ளை தெரிகிறது. காலையில் கண் சிவந்திருந்தால், மண் விழுந்ததுபோலக் கசக்கினால், கண் டொக்டரிடம் காட்டுங்கள். நூல் கையில் கிடந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் உங்கள் கடைசி வரி என்னை இருக்கவிடவில்லை. போன கிழமை அம்மம்மாவின் திவசம். அலுமாரியைத் துப்புரவாக்கும்போது அவருடைய அந்தியேட்டிக் கல்வெட்டு, முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அச்சடித்த நினைவுப் புத்தகம், கையில் அகப்பட்டது. அதில் ஒரு வரி: 'நித்திரையிலும் எமைக் காத்த கண்.' எழுதியவள் நான். அன்று எல்லாரும் அதை வாசித்து அழுதார்கள்.

1995 புரட்டாதியில் ஒருநாள் காலை அம்மம்மாவின் முகம் வலப்பக்கம் சரிந்திருந்தது. காற்றுக் குத்தியது, தானாகச் சரிவரும் என்று சொல்லி ஒரு பரியாரி, நாட்டு வைத்தியர், எண்ணெய் தந்தார். வாய் கொஞ்சம் நேராகியதும் உண்மைதான். கண்ணைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமமே வீடுகளைப் பூட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கியது. செம்மணி, நாவற்குழிப் பாலம் என்று சனத்தோடு சனமாக நகர்ந்து, கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குள் ஒதுங்கினோம். அம்மம்மாவின் பாய் வாசலோரம். ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அந்த வலக்கண் திறந்தபடியே இருக்கும். "அம்மம்மா முழிப்பு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு நாங்கள் பிள்ளைகள் நிம்மதியாகப் படுத்துவிடுவோம்.

வாத்துக்கு அது உண்மை. கூட்டத்தின் ஓரத்தில் தூங்கும் வாத்து வெளிப்பக்கக் கண்ணைத் திறந்துவைத்திருக்கும், மூளையில் ஒரு பாதி அதற்காக விழித்திருக்கும். டொல்பினும் மூளையைப் பாதி பாதியாகத்தான் உறங்கவைக்கிறது. பெரும்பாலான மீன்களுக்கு மூட இமையே இல்லை. பாம்பின் கண்ணுக்கு மேல் கண்ணாடிபோல ஒரு செதில் இருக்கிறது. அவை திறந்திருக்கவென்றே அமைந்த கண்கள். நம்முடையது அப்படியல்ல, தங்கச்சி. கண் திறந்திருந்தாலும் அம்மம்மா அயர்ந்த நித்திரையில்தான் இருந்தார். அந்தக் கண் ஒன்றையும் பார்க்கவில்லை. அது காய்ந்துகொண்டிருந்தது.

கருவிழியின் முன்பக்கத்தில் இரத்தக் குழாய் கிடையாது. கண்ணீர்தான் அதற்கு ஈரம், அந்த ஈரத்தைப் பூசிவிடுவது இமை. முகத்துக்குப் போகும் ஏழாம் நரம்பு சோர்ந்தால் இமை இறங்காது. இரவிரவாகக் காய்ந்து புண்ணாகும், புண் ஆறின இடத்தில் வெள்ளையாக வடு நிற்கும். கண்ணில் பூ விழுந்தது என்கிறோமே, அதில் ஒரு வகை இது. தைப்பொங்கலுக்குக் கிட்டவாக அம்மம்மாவின் வலக்கண்ணில் பூ விழுந்திருந்தது. பிறகு சாகும்வரை ஒற்றைக் கண்தான்.

அதனால்தான் உங்களோடு கோபம். நாலு வயதுப் பிள்ளைக்குக் காவல் வேலை கொடுக்காதீர்கள். மூடாத கண்ணுக்கு நாம் ஒரு அழகான கதை சொல்லத் தொடங்கினால், அந்தக் கண்ணுக்கு என்ன நடக்கிறது என்று ஒருவரும் கிட்டப் போய்ப் பார்க்கமாட்டார்கள். நாங்கள் பார்க்கவில்லை. பார்க்காததை நான் பாட்டாகவும் எழுதி அச்சடித்தேன்.

இதை மாமிக்கும் அயலுக்கும் சொல்லுங்கள். ஒருவருக்கு முகம் கோணினால் எண்ணெயோடு மினக்கெட வேண்டாம். பக்கவாதமாகவும் இருக்கலாம், அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். முக நரம்பு வீக்கம் என்று டொக்டர் சொன்னால், அதற்குரிய ஸ்டீரொய்ட் மாத்திரை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கண்ணைத் தனியாகக் கேளுங்கள், அவர்கள் மறந்தாலும் நீங்கள் கேளுங்கள். பகலில் துளிமருந்து, படுக்கும்போது களிம்பு, பிறகு இமையை மெல்ல இழுத்து மூடி அதன் மேல் பிளாஸ்டர். சரியாக ஒட்டுவது எப்படி என்று அங்கேயே காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டருக்குக் கீழே கண் திறந்துகொண்டால் அதுவே உரசிப் புண்ணாக்கும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு முதலுதவிப் பெட்டி இருந்தது. அதற்குள் பிளாஸ்டரும் இருந்தது. வழியில் விழுந்து உரசிய என் முழங்காலுக்கு அம்மம்மாதான் அதில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிவிட்டார்.

அன்புடன்,
அக்கா