புளியில் இருக்கும் அமிலத்துக்கு ஏன் மூன்றே வடிவங்கள்?

புளியின் டார்டாரிக் அமிலத்தில் சீர்மையற்ற கார்பன்கள் (நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தவை) இரண்டு; அத்தகைய கார்பன் ஒவ்வொன்றுக்கும் ஒரு 2 என்று பெருக்கும் சூத்திரப்படி 2² = 4 முப்பரிமாண மாற்றியங்கள் (அணுக்கள் இணைந்த வரிசை ஒன்றே, வெளியில் அமைந்த விதம் மட்டும் வேறு) வர வேண்டும், புத்தகமோ மூன்று என்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சூத்திரம் தருவது அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும்தான்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்தமடைப் பாய் ஒன்றை விரித்துப் பாருங்கள். சில பாய்களில் இடது பாதியின் கோடுகள் வலது பாதியில் அப்படியே திரும்பி வரும். நடுவில் மடித்தால் சிவப்பின் மேல் சிவப்பு, பச்சையின் மேல் பச்சை. அந்தப் பாயைக் கண்ணாடியில் காட்டினால் தெரிவதும் அதே பாய்தான்.

சீர்மையற்ற கார்பனைச் சுற்றித் தொகுதிகள் அமையும் இரண்டு விதங்களுக்கு ஆர் (R), எஸ் (S) என்று பெயர். ஒரு கார்பன் ஆர், மற்றது எஸ் என்று அமைந்த மூலக்கூறும் அப்படியே. இரண்டு கார்பன்களிலும் ஒரே தொகுதிகள் இருப்பதால் ஒரு பாதி மறுபாதியின் ஆடி பிம்பம். தாளில் ஆர்-எஸ் என்று வரைந்து 180 பாகை திருப்புங்கள், எஸ்-ஆர் கிடைத்துவிடும். நான்கு மூன்றானது இங்கேதான். இதன் பெயர் மீசோ வடிவம். ஒரு பாதியின் ஒளிசுழற்சியை, அதாவது முனைவுற்ற ஒளியின் தளத்தைத் திருப்பும் தன்மையை, மறுபாதி ஈடுசெய்துவிடுகிறது.

ஆர்-ஆர், எஸ்-எஸ் இரண்டும் இடக்கை, வலக்கை போன்ற ஜோடி. ரசத்துக்குக் கரைக்கும் புளியில் இருப்பது ஆர்-ஆர். ஒளியை வலப்புறம் சுழற்றும். எல்-டார்டாரிக் அமிலம் என்ற அதன் பெயரில் ‘எல்’ (L) இருப்பதால் இடப்புறம் என்று எழுதிவிடாதீர்கள். எல் அமைப்பைக் குறிக்கிறது, சுழற்சியை அல்ல. இந்த ஜோடியின் உப்புப் படிகங்களைத்தான் 1848-இல் பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார்.