மகாபலிபுரத்துக்கு நேரே நின்றுபோன எஞ்சின்

கடந்த பிப்ரவரியில் நண்பர் ஒருவருடன் 28 அடிப் பாய்மரப் படகில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சென்றதையும், வழியில் படகு படுத்திய பாட்டையும் சென்ற இதழில் சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் மூன்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: எஞ்சின் சூடேறியதும் முதலில் என்ன செய்தீர்கள்? (வாசகர், கடலூர்)

பதில்: எஞ்சினை அணைத்துவிட்டு நங்கூரத்தைப் போட்டோம். எஞ்சின் பெட்டியைத் திறந்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பிய எங்களை வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தது. மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் வந்து, பத்து மணிக்கெல்லாம் மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலை வலப்பக்கத்தில் கண்டோம். அங்கே காற்று விழுந்துவிட்டதால் எஞ்சினை ஓட்டினோம். எஞ்சினைக் குளிர்வித்த கடல்நீர் புகையோடு சேர்ந்து குபுகுபுவென்று பின்பக்கம் கொட்டுவது வழக்கம். கால் மணி நேரத்தில் அந்த ஓசை மாறி, நீரில்லாத வறண்ட சத்தம் மட்டும் கேட்டது. உடனே அணைத்துவிட்டோம்.

ஆழம் 9 மீட்டர், அடியில் மணல். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 45 மீட்டர் கயிறு விட்டோம். காற்றே இல்லாதபோது நங்கூரம் எதற்கு என்று நண்பர் கேட்டார். வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து கொண்டல் எழும்பும். கிழக்கு நோக்கிக் கிடக்கும் நம் சோழமண்டலக் கரையில் அந்தக் காற்று படகை நேராகக் கரைக்கே தள்ளும். எஞ்சின் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்திருப்பவருக்குக் கரை நெருங்குவது தெரியாது.

பிறகு கடல்நீர் உள்ளே வரும் வால்வை மூடி, எஞ்சின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைத்தேன். வால்வைத் திறக்க மறந்து மீண்டும் எஞ்சினை ஓட்டிவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கடல்நீரை இழுக்கும் பம்பின் மூடியைக் கழற்றினால், உள்ளே சுழலும் ரப்பர் சக்கரத்தில் ஆறு இதழ்களுக்கு நான்குதான் இருந்தன. படகு நான்கு மாதம் ஓடாமல் கிடந்ததில், ஒரே நிலையில் மடங்கியிருந்த இதழ்கள் விறைத்துப்போயிருக்கின்றன. புதுச் சக்கரத்தை மாட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் உடைந்த இரண்டு இதழ்களும் நீரோடு போய் எங்காவது அடைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அவை கைக்குக் கிடைக்கும்வரை வேலை முடிந்ததாகக் கொள்ளக்கூடாது. ஒன்று ரப்பர் குழாயின் வளைவில் இருந்தது. மற்றொன்று, எஞ்சினுக்குள் சுற்றும் நீரைக் குளிர்விக்கும் மெல்லிய குழாய்களின் வாயில் நகக்கண் அளவுக்குக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மூக்குக் குறட்டால் இழுத்தெடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது.

அதற்கிடையே ஃபைபர் படகில் வந்த மீனவர்கள், "என்னண்ணே, மிஷின் நின்னுபோச்சா? கட்டி இழுத்துட்டுப் போவட்டுமா?" என்று தாமாகவே கேட்டார்கள். வேண்டாம் என்று நன்றி சொன்னபோது, "தெக்கால வலை கிடக்கு, வெளியே சுத்திப் போங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள். அந்த ஒரு சொல்லால்தான் எங்கள் படகை உந்தும் விசிறி, வலையில் சிக்காமல் தப்பியது. அந்த நல்ல மனிதர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு நாள் பயணத்துக்கு எந்த உதிரிபாகங்கள் போதும்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: மேலே சொன்ன ரப்பர் சக்கரம், அதன் மூடிக்கான திருகாணிகள், பெல்ட், இரண்டு டீசல் வடிகட்டிகள் ஆகியவை கட்டாயம் வேண்டும். துறைமுகத்தில் அசையாமல் நிற்கும்போது டீசல் தொட்டியின் அடியில் படிந்திருக்கும் கசடு, அலையில் கலங்கி மேலே வந்து வடிகட்டியை அடைத்துவிடும். இவற்றோடு நல்ல மெல்லிய கயிறு பத்து மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கல்பாக்கத்துக்கு நேரே, அணுமின் நிலையத்தை விட்டு நன்றாக விலகிச் சென்றுகொண்டிருந்தபோது, பாயின் அடிக்கட்டையான பருமலை இழுத்துப்பிடிக்கும் கப்பியின் ஊசி கழன்று கடலில் விழுந்தது. பருமல் பக்கவாட்டில் வீசினால் மண்டை உடையும். படகைக் காற்றுக்கு எதிரே திருப்பிப் பாயைத் தளரவிட்டு, கப்பியை 4 மில்லிமீட்டர் கயிற்றால் எட்டுச் சுற்றுச் சுற்றிக் கட்டினோம். புதுச்சேரிவரை அது தாங்கியது.

கேள்வி: கைப்பேசி இருக்கும்போது விஎச்எஃப் ரேடியோ எதற்கு? (வாசகி, சென்னை)

பதில்: கைப்பேசியில் ஒருவரைத்தான் அழைக்க முடியும், கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் இந்த ரேடியோவின் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட்டால் சுற்றியுள்ள கப்பல்கள் எல்லாம் கேட்கும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் படகின் ரேடியோ அன்று மாலை ஊமையாகிவிட்டது. பாய்மரத்தின் அடியில் ஆன்டெனாக் கம்பி இணையும் இடத்தில் உப்புநீர் புகுந்து, செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. இடுப்பில் கட்டியிருந்த 5 வாட் கையடக்க ரேடியோதான் கைகொடுத்தது. இரவு பத்தரை மணிக்குப் புதுச்சேரிக்கு வெளியே சேர்ந்தோம். அந்த முகத்துவாரத்தில் மணல் திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இருட்டில் நுழையத் துணியவில்லை. நங்கூரமிட்டு முறைவைத்து விழித்திருந்தோம். விடிந்ததும் உள்ளே திரும்பிய மீன்பிடிப் படகு ஒன்றின் தடத்தைப் பிடித்து, அதன் பின்னாலேயே சென்றோம்.