நாய்ச் சளியைப் படித்தால் சோறு போடுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் பாதி மகளைப் பற்றிய பெருமை, மீதி பயம். பிளஸ் டூவில் உயிரியலை விரும்பிப் படிக்கிற பெண், "எம்.பி.பி.எஸ். வேண்டாம், நாய்க்கு ஃப்ளூ வந்தால் அதன் உடம்பு முதல் இரண்டு நாள் எப்படிச் சமாளிக்கிறது என்று ஆராயப் போகிறேன்" என்கிறாள். 'நாய்ச் சளியைப் படித்தால் சோறு போடுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவள் மனம் எதில் போய் நிற்கிறது என்பதை முதலில் நீங்கள் பார்க்க வேண்டும்.

2004 ஜனவரியில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், பந்தயத்தில் ஓடும் 22 கிரேஹவுண்ட் நாய்கள் நோயில் படுத்தன. 8 நாய்கள் சுவாசப் பாதையில் ரத்தம் கசிந்து இறந்துபோயின. மற்ற 14 நாய்கள் காய்ச்சலும் இருமலுமாகக் கிடந்து தேறிவிட்டன. ஃப்ளோரிடா, கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது கிடைத்தது எச்3என்8 வைரஸ். அது குதிரைகளின் ஃப்ளூ, அப்படியே நாய்க்குத் தாவியிருந்தது. பிற்பாடு பறவையிலிருந்து வந்த எச்3என்2 என்ற இன்னொரு வகை தென்கொரியாவிலும் சீனாவிலும் நாய்களிடம் பரவி, 2015இல் சிகாகோவரை போனது.

ஒரே இடம், ஒரே வைரஸ். ஏன் எட்டு செத்தன, பதினான்கு பிழைத்தன? அந்த வைரஸை அந்த நாய்கள் அதற்கு முன் பார்த்ததில்லை, தடுப்பூசியும் கிடையாது. அதற்கென்றே ஆன்டிபாடி, அதாவது அந்த வைரஸை எதிர்க்கும் புரதம், உருவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிப்பது பிறவியிலேயே உடம்பில் இருக்கும் காவல். உங்கள் மகள் கேட்பது அதைப் பற்றித்தான்.

அந்தக் காவல் மூக்கிலேயே தொடங்கிவிடுகிறது. செல்லின் மேல் இருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொண்டுதான் ஃப்ளூ வைரஸ் உள்ளே நுழையும். அதே சர்க்கரை சளியிலும் நிறைய உண்டு. வைரஸ் ஏமாந்து சளியில் ஒட்டிக்கொள்ளும். சுவாசக் குழாயின் நுண்மயிர்கள் அதை மேலே தள்ளிவிடும். வைரஸும் சும்மா இருப்பதில்லை, அந்தப் பிடியை வெட்டிக்கொண்டு வர ஒரு நொதி வைத்திருக்கிறது. எச்3என்8 என்பதில் வரும் 'என்' அந்த நொதியைத்தான் குறிக்கிறது.

தப்பி உள்ளே போனால், செல்லுக்குள் ரிக்-ஐ என்ற புரதம் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்துகிறது. இந்த எச்சரிக்கைக் குரலை அமுக்கவும் வைரஸிடம் என்எஸ்1 என்ற புரதம் இருக்கிறது. வாத்துக்கு ரிக்-ஐ உண்டு, கோழிக்குக் கிடையாது. வாத்து தாங்கிக்கொள்கிற பறவைக் காய்ச்சலில் கோழிகள் மடிவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லில் இதைச் சொல்லிப் பாருங்கள், வேண்டாத படிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி உங்கள் சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். 1958இல் மேடின், டார்பி என்ற இருவர் ஒரு காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார்கள். எம்டிசிகே என்ற அந்தச் செல்கள் இன்றும் உலகமெங்கும் ஆய்வகங்களில் இருக்கின்றன. ஃப்ளூ வைரஸ் அவற்றில் அமோகமாக வளரும். எலியில் ஃப்ளூவைத் தடுக்கும் எம்எக்ஸ் என்ற புரதம் நாயிலும் இருக்கிறது, ஆனால் ஃப்ளூவைத் தடுப்பதில்லை என்று 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. காவல் அங்கே பலவீனம் என்பதும் வைரஸ் அப்படிப் பெருக ஒரு காரணம். அதையே பயன்படுத்தி, இந்தச் செல்களில் தயாரித்த மனிதர்களுக்கான ஃப்ளூ தடுப்பூசிக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நாயின் செல்லைப் புரிந்துகொண்டவர்களுக்குத் தடுப்பூசி நிறுவனத்திலும், நோய் கண்டறியும் ஆய்வகத்திலும் வேலை இருக்கிறது அம்மா.

சரி, எந்த வழியில் போவது? என் யோசனை பி.வி.எஸ்சி. என்ற கால்நடை மருத்துவப் படிப்பு. பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட் வேண்டும். சென்னை வேப்பேரி தவிர நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு என்று கல்லூரிகள் இருக்கின்றன. அப்புறம் எம்.வி.எஸ்சி.யில் நுண்ணுயிரியல், பிறகு பிஎச்.டி. பறவைக் காய்ச்சலை ஆராயும் போபால் உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம், இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் அந்த வழியில் வருபவை. ஆராய்ச்சி நடுவில் கசந்துபோனாலும் கையில் டாக்டர் தொழில் இருக்கும். உங்கள் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. கால்நடை உதவி மருத்துவர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி ஒவ்வொரு வருடமும் ஆள் எடுப்பதில்லை. பிஎச்.டி. முடிக்கும்போது அவளுக்கு முப்பது நெருங்கும். கல்யாணப் பேச்சு அதற்குள் எத்தனை முறை எழும் என்பது உங்களுக்கே தெரியும். அதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். பாதியில் நிறுத்தப்பட்ட ஆராய்ச்சியோடு என் முன்னால் வந்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அந்த வேதனை உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

அவளுக்கு மாட்டுக் கொட்டகையும் ரத்தமும் ஒத்துவராது, நுண்ணோக்கி மட்டும்தான் பிடிக்கும் என்றால் வழி வேறு. திருப்பதியிலோ திருவனந்தபுரத்திலோ உள்ள ஐசர் என்ற இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிக்கலாம், அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பிறகு தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால், 2023இலிருந்து மாதாமாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. அந்தத் தேர்வில் தேறுவது சுலபமில்லை.

இரண்டில் எது என்று நானோ நீங்களோ சொல்ல முடியாது. வருகிற சனிக்கிழமை அவளை உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்துக்கு அனுப்புங்கள். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு காலை முதல் மதியம் வரை கூடவே நிற்கட்டும். கன்று ஈனுவதையோ நாய்க்குத் தையல் போடுவதையோ பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன பேசுகிறாள் என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.